கவுண்டில இருந்து ரெண்டு டாக்ஸ் பில் வந்திருக்கு, 31ஆம் தேதி கடைசி, கட்டணுமா வேண்டாமா? அவசரம்

நெல்லை_கண்ணா | டிசம்பர் 29, காலை 9:12
எல்லாருக்கும் வணக்கம். ஊருக்குப் போயிட்டு நேத்து நைட்டுதான் வந்தோம், போஸ்ட் பாக்ஸ தொறந்தா வீட்டு வரி வாங்கற கவுண்டி ஆஃபீஸ்ல இருந்து ரெண்டு கவர், ஒண்ணுல 1,920 டாலர் இன்னொண்ணுல 7,598 டாலர், ரெண்டுமே ப்ராப்பர்ட்டி டாக்ஸ்னு போட்டிருக்கு. ஆனா எங்களுக்கு வரி எஸ்க்ரோல (லோனோட சேர்த்து வரிக்குன்னு பேங்க் எடுத்து வைக்கற கணக்கு) போயிடும், பேங்க்காரங்க இந்த மாசம் 10ஆம் தேதிக்கு முன்னாடியே கட்டிட்டாங்க, ஆன்லைன்லயும் கட்டினதாத்தான் காட்டுது. அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு பில்? ஒரே வீட்டுக்கு மூணு பில்லா? 31னு தேதி போட்டிருக்கு, பேங்க்குக்கு போன் போட்டா 40 நிமிஷமா பாட்டுதான் ஓடுது. வீட்டம்மா டூப்ளிகேட்னு சொல்றாங்க, ஃப்ரெண்டு ஃப்ராடுங்கறான். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

டெக்ஸாஸ்_மாப்ள | 9:20
ப்ரோ கட்டாதீங்க, மொதல்ல மதிப்பு ஜாஸ்தின்னு ப்ரொடெஸ்ட் போடுங்க. மே 15 வரைக்கும் டைம் இருக்கு. குடியிருக்கற வீட்டுக்கு வரிச்சலுகை, ஹோம்ஸ்டெட், போட்டீங்களா? ஸ்கூல் டாக்ஸ்ல மட்டும் 140,000 டாலர் மதிப்பு கழிச்சுடுவாங்க. அதைப் போடாம விட்டிருப்பீங்க, அதான் ஏறியிருக்கு.

கோவை_ரம்யா | 9:26
எந்த ஸ்டேட்னே சொல்லலையே கண்ணா? வீடு எந்த மாசம் வாங்கினீங்க? பில்லுக்கு மேல பெரிய எழுத்துல என்ன போட்டிருக்கு? இது மூணும் தெரியாம யார் என்ன சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

திருச்சி_பாலா | 9:31
ஃப்ராடா இருக்க சான்ஸ் அதிகம். வீடு வாங்கின புதுசுல எனக்கும் இப்படித்தான் கவர்மெண்ட் சீல் மாதிரியே ஒண்ணு அச்சடிச்சு, வீட்டுப் பத்திரம் (டீட்) காப்பி வேணும்னா 100 டாலருக்கு மேல கட்டுன்னு லெட்டர் வந்துச்சு. அடியில பொடி எழுத்துல நாங்க அரசு அலுவலகம் இல்லைன்னு இருந்துச்சு. பொடி எழுத்தைப் பாருங்க.

மூத்தவன் | 9:44
இந்தக் கேள்வி வருஷத்துக்குப் பத்து தடவை இங்க வருது. மேல தேடுற பெட்டி இருக்கு, யாரும் தொடறதில்ல. கலிஃபோர்னியாவா இருந்தா வழக்கமான வரிக்கு மேல சப்ளிமெண்டல்னு ஒரு பில் வரும்னு வீடு விக்கிறவங்க தரப்புல தனியா ஒரு நோட்டீஸே கொடுக்கணும், சட்டம் அது. வீடு உங்க கைக்கு வந்த க்ளோசிங் அன்னிக்கு நூறு பக்கத்துல கையெழுத்து போட்டீங்களே, அதுல ஒரு பக்கம் அதுதான். லட்சக்கணக்குல பணம் போடறவங்க படிச்சுட்டு போடணும்.

கோவை_ரம்யா | 9:50
சார், அவருக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. படிக்கலைன்னு திட்டறத ஜனவரில வச்சுக்கலாம்.

நெல்லை_கண்ணா | 10:15
சாரி சாரி, கலிஃபோர்னியாதான், சொன்னதா நெனச்சுட்டேன். கவுண்டி பேர் வேண்டாமே. க்ளோசிங் இந்த வருஷம் மார்ச் 14. ஆமா சார், ரெண்டுலயும் சப்ளிமெண்டல்னுதான் போட்டிருக்கு. பில் தேதி நவம்பர். ஆனா ஒண்ணுல போன வருஷம்-இந்த வருஷம்னும் இன்னொண்ணுல இந்த வருஷம்-அடுத்த வருஷம்னும் இருக்கு. அதான் எனக்கு சுத்தமா புரியல.

ஹூஸ்டன்_வள்ளி | 10:22
இது வீட்டுப் பத்திரத்துல வில்லங்கம் பாக்கற டைட்டில் கம்பெனி பண்ணின தப்பு. பழைய ஓனர் பாக்கியை உங்க தலையில கட்டிட்டாங்க. அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க.

சாக்ரமெண்டோ_சேகர் | 10:41
கண்ணா தம்பி, இது ஃப்ராடும் இல்ல, டூப்ளிகேட்டும் இல்ல, பழைய ஓனர் பாக்கியும் இல்ல. உங்க வரிதான், கட்டியே ஆகணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

கலிஃபோர்னியால 1978ல ப்ரொபோசிஷன் 13ங்கற சட்டம் வந்ததுல இருந்து வரிக்காகப் போடற வீட்டு மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது. ஆனா வீடு கை மாறினா அன்னிய மார்க்கெட் விலைக்கு மதிப்பு ஏறிடும். வழக்கமான பில் ஜனவரி 1ஆம் தேதி மதிப்பை வச்சு, ஜூலைல இருந்து அடுத்த ஜூன் வரைக்கும் ஓடும் வரி வருஷத்துக்குப் போடறது. நீங்க மார்ச்ல வாங்கினீங்க. அப்ப ஜனவரி 1க்கு அந்த வீடு பழைய ஓனர் பேர்ல பழைய மதிப்புலதான் இருந்திருக்கும். டிசம்பர்ல உங்க பேங்க் கட்டினது அந்தப் பழைய மதிப்புக்கான வரி. புது மதிப்புக்கும் பழைய மதிப்புக்கும் நடுவுல இருக்க வித்தியாசத்துக்குத்தான் இந்த சப்ளிமெண்டல். 1983ல இருந்தே இந்த முறை இருக்கு.

ரெண்டு பில் எதுக்குன்னா, ஜனவரில இருந்து மே வரைக்கும் வாங்கினவங்களுக்கு ரெண்டு வரி வருஷம் அடிபடும். ஜூன்ல இருந்து டிசம்பருக்குள்ள வாங்கினா ஒண்ணுதான் வரும்.

வீடு என்ன விலை, பில்லுல பழைய மதிப்பு எவ்வளவுன்னு போட்டிருக்கு? அதைச் சொன்னா கணக்கு போட்டுக் காட்டிடறேன்.

நெல்லை_கண்ணா | 10:58
விலை 980,000. பழைய மதிப்பு சின்ன பில்லுல 340,000, பெரிய பில்லுல 346,800. ரேட் 1.2ன்னு இருக்கு.

சாக்ரமெண்டோ_சேகர் | 11:10
பாருங்க அப்படியே உட்காருது. 980,000ல 340,000 போக வித்தியாசம் 640,000. அதுக்கு 1.2 சதவீதம்னா ஒரு வருஷத்துக்கு 7,680. மார்ச்ல வாங்கினதால கணக்கு அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி, அதாவது ஏப்ரல் 1ல இருந்து. ஏப்ரல், மே, ஜூன், மூணு மாசம், கால் வருஷம். பில்லுல 0.25ன்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. 7,680ல கால் பங்கு 1,920. சின்ன பில் முடிஞ்சது.

ஜூலைல புது வருஷம். பழைய மதிப்பு 2 சதவீதம் ஏறி 346,800. வித்தியாசம் 633,200, அதுக்கு 1.2 சதவீதம் 7,598 சொச்சம். முழு வருஷம். பெரிய பில்லும் முடிஞ்சது.

இப்ப முக்கியமான விஷயம். மொத்தத்தையும் நாளைக்கே கட்ட வேண்டாம். ஒவ்வொரு பில்லும் ரெண்டு தவணை. நவம்பர்ல அனுப்பின பில்லுக்கு முதல் தவணை டிசம்பர் 31, ரெண்டாவது ஏப்ரல் 30. இப்ப 960ம் 3,799.20ம் சேர்த்து 4,759.20 கட்டினா போதும். விட்டா அந்தத் தொகைக்கு 10 சதவீதம் அபராதம், 475 டாலர் சும்மா போகும். கவுண்டி டாக்ஸ் கலெக்டர் சைட்ல பில்லுல இருக்க பார்சல் நம்பரை (உங்க மனையோட நம்பர்) போட்டா ரெண்டு பில்லும் வரும், செக்கிங் அக்கவுண்ட்ல இருந்து கட்டுங்க. கார்டுல கட்டினா சதவீதக் கணக்குல தனி சார்ஜ் எடுப்பாங்க. கவர்ல இருக்க லிங்க்கை நம்பாம சைட் அட்ரஸை நீங்களே டைப் பண்ணுங்க, பாலா சொன்ன பயமும் தீர்ந்துடும்.

பேங்க்குக்குக் காத்திருக்காதீங்க. சப்ளிமெண்டல் பில் வீட்டு ஓனருக்குத்தான் வரும், பெரும்பாலும் எஸ்க்ரோல சேராது. நான் முதல் வீடு வாங்கினப்ப பேங்க் பாத்துக்கும்னு அந்தக் கவரை ட்ராயர்ல போட்டு வச்சேன். அபராதத்தோட நோட்டீஸ் வந்தப்பதான் தெரிஞ்சது அது எனக்கு வந்த பில்லுன்னு.

டெக்ஸாஸ்_மாப்ள | 11:18
ஓ கலிஃபோர்னியாவா, நான் சொன்ன மே 15ஐ மறந்துடுங்க ப்ரோ. எங்களுக்கு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்னு தனியா ஒண்ணு மதிப்பு போடும்.

கோபி_94 | 11:25
அப்ப பழைய ஓனர் 340,000 மதிப்புக்கு வரி கட்டிட்டிருந்தார், கண்ணா 980,000க்கு கட்டணும். அதே வீடு, அதே தெரு, அதே குப்பை வண்டி. இது எந்த ஊர் நியாயம்? என் பக்கத்து வீட்டுக்காரர் 80கள்ல வாங்கினவர், நான் கட்டறதுல ஆறுல ஒரு பங்கு கட்டறார்.

மூத்தவன் | 11:37
தம்பி, 78க்கு முன்னாடி விலை ஏற ஏற வரியும் ஏறி, ரிடையரான ஆளுங்க வரி கட்ட முடியாம தவிச்சாங்க. அதுக்குத்தான் ஜனங்களே ஓட்டு போட்டு கொண்டு வந்தாங்க. நான் 98ல வாங்கினேன். இப்ப எனக்கு பென்ஷன்தான் வருமானம். மார்க்கெட் விலைக்கு வரி போட்டா நாளைக்கே வீட்டை வித்துட்டுப் போகணும். சுப்ரீம் கோர்ட்டே 1992ல செல்லும்னு சொல்லிடுச்சு.

கோபி_94 | 11:49
செல்லும்னு சொன்னாங்க, நியாயம்னு சொல்லல. வீட்டுக்கு மட்டும்னா கூட ஒத்துக்கறேன் சார், பெரிய பெரிய ஆஃபீஸ் கட்டடத்துக்கும் இதே சலுகை எதுக்கு? 2020ல அதை மட்டும் மாத்தலாம்னு ஓட்டுக்கு வந்துச்சு, அதுவும் தோத்துப்போச்சு.

ஹூஸ்டன்_வள்ளி | 11:55
இவ்வளவு வாங்கி கவுண்டி என்னதான் பண்ணுது? ரோடு போடறது சிட்டி, போலீஸ் சிட்டி.

வாசிப்பு_மல்லிகா | 12:20
வள்ளி, எங்க வீட்ல ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்கு வேலை போச்சு. மெடி-கல் (அரசு மருத்துவக் காப்பீடு), கால்ஃப்ரெஷ் (சாப்பாட்டுச் செலவுக்கு உதவி) ரெண்டுக்கும் எங்க அப்ளை பண்ணினோம்னு நெனைக்கிறீங்க? கவுண்டி ஆஃபீஸ்லதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் ஃபார்ம்ல விட்டுப்போன கட்டத்தை எல்லாம் பென்சில்ல வட்டம் போட்டு, அவசரமில்ல உக்காந்து எழுதிக் கொண்டாங்கன்னு சொன்னாங்க. அன்னிக்கு நான் அழாம வீட்டுக்கு வந்ததே அவங்களாலதான். என் பொண்ணு படிக்கக் கத்துக்கிட்டது கவுண்டி லைப்ரரில. எலெக்‌ஷன் நடத்தறது, பத்திரம் பதியறது, ஜெயில், பொது சுகாதாரம் எல்லாம் கவுண்டிதான். சிட்டி எல்லைக்கு வெளில இருக்கறவங்களுக்கு ரோடும் போலீஸ் வேலை பாக்கற ஷெரிஃபும் கூட அதுதான். அப்புறம் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் முழுசும் கவுண்டிக்குப் போகல, பெரிய பங்கு ஸ்கூலுக்குப் போகுது.

திருச்சி_பாலா | 12:34
அப்ப கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா? கலெக்டர்தான் எல்லாம் பாத்துப்பாரா?

சாக்ரமெண்டோ_சேகர் | 12:52
அளவுல அப்படி நெனச்சுக்கலாம் பாலா, ஆனா அதிகாரம் வேற மாதிரி. நம்ம கலெக்டர் மேல இருந்து போடற ஐஏஎஸ். இங்க மேல உக்கார்றவங்க நாம ஓட்டு போட்டு வர்றவங்க. பெரும்பாலான கவுண்டில அஞ்சு பேர் சூப்பர்வைசர்ஸ். ஷெரிஃப், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அரசு தரப்பு வக்கீல்), அசெசர் மூணு பேரும் ஸ்டேட்ல எல்லா கவுண்டிலயும் தேர்தல்ல ஜெயிச்சுத்தான் வரணும். மொத்தம் 58 கவுண்டி. சான் ஃப்ரான்சிஸ்கோ மட்டும் சிட்டியும் கவுண்டியும் ஒண்ணு, அங்க 11 சூப்பர்வைசர்.

கண்ணாவுக்கும் இது தெரிஞ்சிருக்கணும், ஏன்னா கவுண்டின்னு ஒரே ஜன்னல் கிடையாது. மதிப்பு போடறது அசெசர். ரேட்டைப் பெருக்கி பில் தொகை போடறது ஆடிட்டர்-கன்ட்ரோலர். காசு வாங்கறது டாக்ஸ் கலெக்டர். மதிப்பு ஜாஸ்தின்னு டாக்ஸ் கலெக்டர் ஆஃபீஸ்ல நின்னு சண்டை போட்டா அவங்களால ஒரு டாலர் குறைக்க முடியாது. நிறைய பேர் அங்கதான் அரை நாள் லீவை தொலைக்கறாங்க. மதிப்புல சந்தேகம்னா அசெசர்கிட்ட பேசணும், ஒத்துவரலைன்னா அப்பீல் போர்டு. சப்ளிமெண்டலுக்கு நோட்டீஸ் அனுப்பின தேதில இருந்து 60 நாள்தான். அப்பீல் போட்டாலும் பில்லைக் கட்டிடணும், ஜெயிச்சா திருப்பித் தருவாங்க.

கோவை_ரம்யா | 1:05
இன்னொண்ணு கண்ணா, குடியிருக்கற வீடுன்னா ஹோம்ஓனர்ஸ் எக்செம்ப்ஷன் ஃபார்ம் அசெசருக்கு அனுப்பிட்டீங்களா? மதிப்புல 7,000 கழியும், வருஷத்துக்கு ஒரு 70 டாலர் மிச்சம். ஃப்ரீ. இதைப் போட்டுத் தர காசு கேட்டு லெட்டர் வந்தா கிழிச்சுப் போடுங்க. ஒரு தடவை போட்டா போதும், முழு வருஷச் சலுகைக்கு பிப்ரவரி 15க்குள்ள போகணும்.

மூத்தவன் | 1:30
கோபி, உங்களுக்கும் இருபது வருஷம் கழிச்சு இதே பாதுகாப்பு கிடைக்கும். அன்னிக்கு ஞாபகம் வரும்.

கோபி_94 | 1:41
எனக்குக் கிடைக்கும் சார். அன்னிக்கு புதுசா வாங்க வர்ற பையனை நெனச்சுத்தான் பேசறேன்.

கோவை_ரம்யா | டிசம்பர் 31, மாலை 4:10
கண்ணா கட்டிட்டீங்களா? இன்னிக்குத்தான் கடைசி. தபால்ல அனுப்பறதா இருந்தா கவுண்டர்ல குடுத்து இன்னிய தேதி முத்திரை கையால போடச் சொல்லுங்க.

நெல்லை_கண்ணா | ஜனவரி 3, இரவு 10:47
ரெண்டுக்கும் முதல் தவணை 30ஆம் தேதியே ஆன்லைன்ல கட்டிட்டேன், ரசீது நம்பர் வந்துடுச்சு. 0.25 அப்படியே இருந்துச்சு சேகர் அண்ணா. ரொம்ப நன்றி எல்லாருக்கும். எக்செம்ப்ஷன் ஃபார்ம் கிச்சன் ட்ராயர்ல பிரிக்காத கவர்ல இருந்துச்சு, நாளைக்கு அனுப்பறேன்.