ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16233 விற்க வேண்டும்: மூன்று பேர், மூன்று விலை, எதை நம்புவது?

வேளச்சேரி_வாசு (கேள்வி)

அப்பா 1995இல் துபாயில் வாங்கிய வாட்ச். ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மாடல் எண் 16233, 36 மி.மீ., ஸ்டீலும் 18 காரட் தங்கமும் கலந்தது. ஜூபிலி செயின், ஷாம்பெயின் நிற டயல், மணிக்குறிகள் குச்சி வடிவம். பச்சைப் பெட்டியும் கழற்றிய இரண்டு லிங்க்குகளும் இருக்கின்றன. கேரண்டித் தாள், பில் இரண்டும் இல்லை. அப்பா இப்போது இல்லை. அம்மாவும் தங்கையும் விற்கச் சம்மதித்துவிட்டார்கள்.

சென்னையில் விசாரித்ததில்:

ஒரு கடை 2.9 லட்சம். "டயல் மாத்தியிருக்காங்க சார், ஒரிஜினல் இல்ல" என்கிறார்கள்.
இன்னொரு கடை 3.6 லட்சம். ஆனால் அதில் 18% ஜிஎஸ்டி கழித்துக்கொண்டுதான் தருவார்களாம்.
வெளியூர்க்காரர் ஒருவர் 4.5 லட்சம். வாட்சை முதலில் கூரியரில் அனுப்பச் சொல்கிறார். பணம் அவருடைய நண்பரின் கம்பெனி கணக்கிலிருந்து வருமாம்.

இது போக, கையில் கட்டியிருக்கும்போதே சில நாள் நின்றுவிடுகிறது. செயினும் தொய்ந்திருக்கிறது. விற்பதற்கு முன் சர்வீஸும் பாலிஷும் செய்துவிடலாமா?

மெயின்ஸ்பிரிங்

பாலிஷ் பக்கமே போகாதீர்கள், வாசு. லக் (செயின் மாட்டும் கொம்பு) ஓரங்கள் கூர்மையாக இருக்கிறதா என்றுதான் வாங்குபவர் முதலில் பார்ப்பார். பஃபிங் சக்கரத்தில் ஒருமுறை வைத்தால் உலோகம் கரைந்து ஓரம் மழுங்கிவிடும், திரும்ப வராது. கீறல் இருந்தால் விலை கொஞ்சம் குறையும். மழுங்கிய கேஸ் (வாட்சின் உலோக உடல்) என்றால் ஆளே ஒதுங்கிவிடுவார்.

டயல் விஷயத்தை நீங்களே பார்க்கலாம். 6 மணிக்குறிக்குக் கீழே, விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று 10 மடங்கு லூப்பில் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) பாருங்கள். 1998 வாக்கு வரை ரோலெக்ஸ் ஒளிப்பூச்சுக்கு டிரிட்டியம் (தானே ஒளிரச் செய்யும் கதிரியக்கப் பொருள்) பயன்படுத்தியது. அந்தக் காலத்து டயலில் "டி ஸ்விஸ் டி" என்றோ "ஸ்விஸ் - டி<25" என்றோ ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் டயலில் "ஸ்விஸ் மேட்" என்று மட்டும் இருந்தால் அது பிற்பாடு சர்வீஸில் போட்ட டயலாக இருக்க வாய்ப்பு அதிகம். (ஒளிப்பூச்சே இல்லாத கல் பதித்த டயல்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

அடுத்து இருட்டறைச் சோதனை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. முப்பது வருடப் பூச்சு இன்று தானாக ஒளிராது. டார்ச் அடித்தால் ஒரு நொடி மினுங்கி அடங்கலாம். மாறாக, பச்சையாக நிமிடக் கணக்கில் எரிந்தால் பூச்சோ டயலோ மாற்றப்பட்டிருக்கிறது. முள்ளில் இருக்கும் பூச்சும் டயல் புள்ளிகளும் ஒரே பழுப்பேறிய நிறத்தில் இருக்க வேண்டும். முள் மட்டும் வெள்ளையாக இருந்தால் முள் மாற்றியிருக்கிறார்கள்.

சீரியல் எண் 6 மணிப் பக்கம் செயினுக்கு அடியில், இரு லக்குகளுக்கு நடுவே இருக்கும். மாடல் எண் 12 மணிப் பக்கம். செயினை நீங்களே கழற்றுவதானால் லக்கின் உட்புறத்தில் டேப் ஒட்டிவிட்டு, ஸ்பிரிங் பார் டூல் வைத்துக் கழற்றுங்கள். கை நடுங்கினால் வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். சீரியலின் முதல் எழுத்தை மட்டும் இங்கே சொல்லுங்கள், முழு எண்ணை எங்கேயும் போட வேண்டாம். அதை எடுத்துப் போலிக் கேரண்டித் தாள் அடிக்கிற கூட்டம் இருக்கிறது.

ரோட்டர்_ராஜி

நின்றுபோவதற்கு என் பங்கு. உள்ளே இருப்பது 3135 மூவ்மெண்ட் (வாட்சை ஓட்டும் இயந்திரம்). முழுச் சாவிக்கு ஏறத்தாழ 48 மணி நேரம் ஓட வேண்டும். வாட்ச் முற்றிலும் நின்ற பிறகு கிரவுனை (பக்கவாட்டில் உள்ள சாவித் திருகு) திருகி விடுவித்து 40 சுற்று கையால் சாவி கொடுங்கள். மறுபடி திருகி மூடி, டயல் மேலே பார்க்க மேசையில் அசையாமல் வையுங்கள். எத்தனை மணி நேரத்தில் நிற்கிறது என்று குறியுங்கள்.

30 மணி நேரத்துக்குள் நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது மெயின்ஸ்பிரிங் (வாட்சை ஓட்டும் சுருள்வில்) தளர்ந்திருக்கிறது. 45ஐத் தாண்டி ஓடியும் கையில் கட்டினால் நிற்கிறது என்றால், கோளாறு தானாகச் சாவி ஏறும் பகுதியில். பெரும்பாலும் அங்குள்ள ரிவர்சர் என்ற சிறு சக்கரங்கள் அழுக்கேறிச் சிக்கியிருக்கும். சாவி கொடுக்கும்போது உள்ளே ரோட்டர் (கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடைத்தட்டு) கிறுகிறுவென்று சுற்றும் சத்தம் கேட்டால் அதுவே அறிகுறி.

வாட்சைக் காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்தும் பாருங்கள். உலோகம் உரசும் சத்தம் வந்தால் ரோட்டரின் அச்சு தேய்ந்திருக்கிறது. 3135இன் தெரிந்த பலவீனம் இது. அப்படியென்றால் தொடர்ந்து கட்டாதீர்கள், ரோட்டர் அடிப்பகுதியைச் சுரண்டிப் பொடியை மூவ்மெண்டுக்குள் கொட்டும்.

டைம்கிராஃபர் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) உள்ள மெக்கானிக்கிடம் போனால், அதில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 52 டிகிரி வைக்கச் சொல்லுங்கள். முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஊசலாடும் சக்கரத்தின் வீச்சு) 270 டிகிரிக்கு மேல் என்றால் நல்ல நிலை. 220க்குக் கீழே என்றால் சர்வீஸ் காலம் எப்போதோ கடந்துவிட்டது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விலை பேசும்போது வாயைவிட அது நன்றாகப் பேசும்.

பாரிமுனை_பாய்

தங்கம் இருக்குல்ல ப்ரோ, சௌகார்பேட்டைல எடை போட்டு குடுத்துடுங்க. தலைவலி மிச்சம்.

மெயின்ஸ்பிரிங்

பாய், இந்த மாடலில் தங்கம் பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்), கிரவுன், செயினின் நடு லிங்க்குகள் அவ்வளவுதான். நடு லிங்க்குகளும் உள்ளே குழல். எடைக்குப் போட்டால் வாட்சின் விலையில் ஒரு துண்டுதான் வரும்.

செயின் தொய்வும் அந்தக் குழல் லிங்க்குகளால் வருவதே. வியர்வையும் தூசியும் சேர்ந்து உள்ளே உள்ள பின்னைத் தேய்க்கும். வாட்சைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால் செயின் எவ்வளவு தொங்குகிறது என்று தெரியும். அந்த நிலையில் ஒரு படம் கட்டாயம் போடுங்கள், மறைத்தால் நேரில் பார்த்தவுடன் விலையை அடிப்பார்கள். வெளிச்செயின் வாங்கி மாட்டாதீர்கள். செயின் கடைசி லிங்க்கின் உள்பக்கம் 62523 என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள், அது இந்த மாடலுக்கு உரியது. கழற்றிய இரண்டு லிங்க்கும் தங்கம் கலந்தவை. அவற்றைச் சேர்த்துக் கொடுப்பதாக விளம்பரத்திலேயே எழுதுங்கள், பெரிய மணிக்கட்டுக்காரர் அதற்காகவே கூடுதல் தருவார்.

திருச்சி_ஆடிட்டர்

இரண்டாவது கடை சொல்லும் ஜிஎஸ்டி கழிவுக்கு அடிப்படை இல்லை. நீங்கள் ஜிஎஸ்டி பதிவில்லாத தனிநபர், சொந்தப் பொருளை விற்கிறீர்கள். உங்கள் மீது ஜிஎஸ்டி கிடையாது. பழைய பொருள் வியாபாரி, உள்ளீட்டு வரிச் சலுகை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காத வரை, லாபத்தின் மீது மட்டும் வரி கட்டலாம். 3.6க்கு வாங்கி 4.4க்கு விற்றால் அந்த 80,000 ரூபாய்தான் கணக்கு, அதைக் கட்டுவதும் அவர்தான். அவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அது பேரம். "உங்களுக்காக ஜிஎஸ்டி கட்டுகிறேன்" என்று 64,800 ரூபாயைப் பிடிப்பது வேறு. அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகார விற்பனைக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1% டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வருமான வரி) வந்திருக்கிறது. உங்கள் தொகைக்கு அது எட்டாது.

வருமான வரியில்தான் ஒரு முடிச்சு. சொந்த உபயோகப் பொருள் மூலதனச் சொத்து ஆகாது, ஆகவே முழு ஸ்டீல் வாட்ச் என்றால் கேள்வியே இல்லை. ஆனால் நகை இந்த விலக்கில் வராது. நகை என்பதன் சட்ட வரையறையில் தங்கம் கலந்த அணிகலனும் அடங்கும். தங்கம் கலந்த வாட்சை அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பதில் இரண்டு கருத்து உண்டு. நகை என்றே வைத்துக்கொண்டாலும் பயப்பட ஒன்றுமில்லை: அப்பா வைத்திருந்த காலமும் சேரும், நீண்டகால ஆதாயம், 12.5%, விலைவாசிக் குறியீட்டுச் சலுகை கிடையாது. 1.4.2001க்கு முன் வாங்கியதால் அன்றைய சந்தை மதிப்பை அசல் விலையாகக் காட்டலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரொக்கமாக ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. இன்று 1.9, நாளை 1.9 என்று பிரித்தாலும் ஒரே பரிவர்த்தனைதான். வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்கலாம்.

கோவை_குமரன்

மூன்றாவது ஆளை விட்டுவிடுங்கள். கூரியர் ஒரு பிரச்சினை: சாதாரண கூரியர் நிறுவனங்கள் நகை, விலையுயர்ந்த வாட்சுக்குப் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. அதைவிடப் பெரியது மூன்றாம் நபர் கணக்கு. அந்தப் பணம் யாரையாவது சைபர் மோசடி செய்து வந்ததாக இருந்தால், புகார் பதிவானதும் போலீஸ் அந்தச் சங்கிலியில் உள்ள கணக்குகளை முடக்கச் சொல்லும். வாட்சும் போய், உங்கள் சம்பளக் கணக்கும் முடங்கும்.

தனிநபருக்கு விற்பதென்றால் உங்கள் வங்கிக் கிளையில் சந்தியுங்கள். வாங்குபவரின் பான் கார்டில் உள்ள பெயரும் பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 லட்சத்துக்கு மேல் என்பதால் ஆர்டிஜிஎஸ் போதும், அது 24 மணி நேரமும் இயங்குகிறது. அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியையோ நம்பாமல், உங்கள் ஆப்பில் இருப்புத்தொகை ஏறிய பிறகே வாட்ச் கைமாற வேண்டும்.

விற்பனைக் கடிதம் இரண்டு பிரதி. மாடல், முழு சீரியல், தொகை, பணம் வந்த யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தெரிந்த குறைகள், தேதியும் நேரமும், இருவர் கையெழுத்து, அடையாளப் பிரதிகள். பில் இல்லாததால் வாரிசுச் சான்றிதழ் பிரதியும் அம்மா, தங்கை கையெழுத்திட்ட ஆட்சேபமின்மைக் கடிதமும் சேருங்கள். கேரண்டித் தாளை ரோலெக்ஸ் மறுபடி அச்சிட்டுத் தராது, "டூப்ளிகேட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அது போலித் தாள்தான்.

வேளச்சேரி_வாசு

எல்லோருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன். சீரியல் "டபிள்யூ"வில் தொடங்குகிறது. டயலில் "டி ஸ்விஸ் டி" இருக்கிறது, இருட்டில் ஒளிரவில்லை, முள்ளும் அதே பழுப்பு. மேசையில் 46 மணி நேரம் ஓடியது. சாவி கொடுக்கும்போது ராஜி மேடம் சொன்ன கிறுகிறு சத்தம் வருகிறது. உரசல் இல்லை. இப்போது சர்வீஸ் செய்யவா, அப்படியே விற்கவா?

மெயின்ஸ்பிரிங்

"டபிள்யூ" என்றால் 1994-95 வாக்கில் தயாரானது; டயலும் ஒத்துப்போகிறது. டயல் மாற்றியது என்று முதல் கடைக்காரர் சொன்னது விலையைக் குறைப்பதற்காகத்தான்.

ரோட்டர்_ராஜி

அப்படியே விற்றுவிடுங்கள். கம்பெனி சர்வீஸுக்கு நீங்கள் கட்டும் தொகை முழுவதும் விற்பனை விலையில் திரும்பாது. வியாபாரிக்கு அதே வேலை மெக்கானிக்கிடம் மலிவாக முடியும். கம்பெனிக்கே அனுப்புவதாக முடிவெடுத்தால், "டயல், முள் மாற்ற வேண்டாம், பாலிஷ் வேண்டாம்" என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் புது டயலோடு வரலாம். பழையது கையில் வராமலும் போகலாம். ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு மட்டும் வாங்குங்கள். பேரத்தில் அந்தத் தொகைக்கு மேல் கழிக்கச் சம்மதிக்க வேண்டாம்.

கோவை_குமரன்

விலைக்கு: இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், கேட்பதெல்லாம் விற்பதில்லை. தாள் இல்லாத, அதே டயலுள்ள 16233 எவ்வளவுக்குக் கைமாறியது என்று தேடுங்கள். கடைக்காரர் அதில் தன் லாபம், சர்வீஸ், ஆறு மாதம் அலமாரியில் கிடக்கும் செலவு எல்லாம் கழித்துத்தான் சொல்வார். அவசரம் இல்லையென்றால், விற்ற பிறகு கமிஷன் எடுக்கும் கடையில் வைக்கலாம். கமிஷன் சதவீதம், குறைந்தபட்ச விலை, கடையில் இருக்கும்போது காப்பீடு யார் பொறுப்பு, எத்தனை நாளில் பணம் என்ற நான்கும் எழுத்தில் இருந்தால் மட்டும்.

விளம்பரம் இப்படிப் போடுங்கள்:

"ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16233, டபிள்யூ சீரியல், டிரிட்டியம் டயல், ஒளிப்பூச்சு அணைந்தது. பெட்டி உண்டு, தாள் இல்லை. கூடுதல் லிங்க் 2. செயின் தொய்வு படத்தில். கையால் சாவி கொடுத்தால் 46 மணி நேரம் ஓடும். தானியங்கிப் பகுதிக்கு சர்வீஸ் தேவை, மதிப்பீடு இணைப்பில். பின்மூடியைத் திறந்து பார்க்க விரும்பினால் சென்னையில் என் முன்னிலையில், செலவு வாங்குபவருடையது. சந்திப்பு வங்கிக் கிளையில். கூரியர் இல்லை."

படங்களில் ஒன்றில் அன்றைய தேதி எழுதிய தாள் வாட்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், சீரியலின் கடைசி மூன்று எண்களை மறைத்துவிடுங்கள்.