புதுப்பிப்பு: என் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இப்போது பழைய மடிக்கணினியிலும் எழுகிறது

சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன்: செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் நான் எழுதிய கர்னலின் தொடக்கப் பகுதி, க்யூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளில் ஒழுங்காக ஓடுகிறது; காரைக்குடி வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிலோ, 64 பிட் முறைக்கு மாறும் கணத்தில் இயந்திரம் மறுதொடக்கம் ஆகிவிடுகிறது. காரணம் கிடைத்துவிட்டது.

நிரல் கேட்கும் முகவரி உண்மையான நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று செயலிக்குச் சொல்வது பக்க அட்டவணை. 64 பிட் முறைக்கான அதன் ஒவ்வொரு பதிவும் 8 பைட்டு. 32 பிட் முறையில் இருந்தபடி கீழ் 4 பைட்டுகளை மட்டும் எழுதிவிட்டு, மேல் 4 பைட்டுகள் பூஜ்யம் என்று நம்பியிருந்தேன். க்யூஎமு தந்த நினைவகம் பூஜ்யமாகவே இருந்தது. மடிக்கணினியின் உண்மையான நினைவகத்திலோ பழைய குப்பை கிடந்தது. பேஜிங்கை, அதாவது அந்த அட்டவணை வழியே முகவரி தேடும் முறையை, இயக்கியதும் செயலி அதையும் முகவரியாகவே படித்தது. பக்கப் பிழை, அதைக் கையாளக் குறுக்கீட்டு அட்டவணை (பிழை வந்தால் எந்த நிரலை ஓட்டுவது என்ற பட்டியல்) இல்லாததால் இரட்டைப் பிழை, மூன்றாவது பிழை, மறுதொடக்கம்.

ஞாயிறன்று அப்பத்தா வீட்டுக்குத் தரைக்கல் வாங்க ஆத்தங்குடி போயிருந்தேன். கல் வார்ப்பவர் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைத்த பிறகே சாயக்கலவையை ஊற்றினார். "துடைக்காவிட்டால் பழைய கறை பூவில் ஏறிவிடும் தம்பி" என்றார். அங்கேயே பொறி தட்டியது.

திருத்தம் சிறியது: செயலியின் பதிவகங்களான இடிஐயில் அட்டவணையின் தொடக்கம், இஏஎக்ஸில் பூஜ்யம், இசிஎக்ஸில் 3072, பிறகு 'ரெப் ஸ்டாஸ்டி' (இஏஎக்ஸில் உள்ளதை 4 பைட்டு 4 பைட்டாக, இசிஎக்ஸ் சொல்லும் தடவை எழுதும் கட்டளை). மூன்று அட்டவணைகளின் 12,288 பைட்டுகளும் சுத்தம். அடுக்கும் (ஸ்டாக்: அழைத்த இடத்துக்குத் திரும்பும் முகவரியைச் செயலி வைக்கும் இடம்) அதே பகுதியில் இருந்தால் அதைச் சேர்த்து அழித்துவிடாதீர்கள். திரும்பும் முகவரி போய்விடும்.

ஏ20 தடத்தை (1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்தை எட்டத் திறக்க வேண்டிய முகவரித் தடம்) சோதிக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அது சரியாகவே இருந்தது. அடுத்து, குறுக்கீட்டு அட்டவணையை எழுதப் போகிறேன்.