கிரில்லை அடைச்சதுல மைலேஜ் ஏறுச்சு, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறுது. எங்க தப்பு?

ஒட்டுவேலை:
வணக்கம்ங்க. வண்டி 2009 மாடல், 800 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். வாராவாரம் கோவை டு கரூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியா. ஒரு பக்கம் சுமார் 125 கி.மீ. சனிக்கிழமை மத்தியானம் போவேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்புவேன். 80-க்கு மேல ஓட்டுறதில்லை.

காத்துத் தடையைக் குறைச்சா பெட்ரோல் மிச்சம்னு படிச்சுட்டு, ஆனி மாசம் உக்காந்து சில வேலை செஞ்சேன். முன் கிரில், பம்பர்ல இருக்கிற கீழ் ஓட்டை ரெண்டையும் சன்பேக் ஷீட் வெட்டி முழுசா மூடிட்டேன் (பழைய கல்யாண பேனர், உள்பக்கம் மாப்பிள்ளை இன்னும் சிரிச்சுட்டு இருக்காரு). அதே ஷீட்டை வண்டி அடியில, எஞ்சினுக்குக் கீழ இருந்து முன் சீட் வரைக்கும், ஜிப் டை போட்டுக் கட்டினேன். பின் சக்கரம் ரெண்டுக்கும் எவர்சில்வர் தட்டு. கூரை முடியுற இடத்துல ஆன்லைன்ல வாங்கின சுறாத் துடுப்பு பத்து (காத்து பிரியாம ஒட்டிப் போகணும்னு ஒட்டுற குட்டித் துடுப்பு).

மாசியில 17.5 கொடுத்த வண்டி இப்ப 20.5 கொடுக்குது. ஆனா காங்கேயம் தாண்டினா முள்ளு பாதியை விட்டு மேல போகுது, ஏசி வெறும் காத்தா வருது. இதுல புரியாத விஷயம் ஒண்ணு: கரூர் போறப்ப மட்டும்தான் இப்படி. திரும்பி வரும்போது முள்ளு அசையறதே இல்லை. கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்து விடுற தெர்மோஸ்டாட் வால்வு போயிருக்குமா?

கருப்பு டீ:
தட்டு மேட்சிங்கா டம்ளர் வெக்கலையாங்ணா?

ஸ்பேனர் 12:
தெர்மோஸ்டாட் மாட்டிக்கிட்டா ரெண்டு பக்கமும் சூடாகணும், திசை பார்த்து சூடாகாது. கூலன்ட் அளவு, ஃபேன் ஓடுதான்னு மட்டும் பாருங்க. ஏசியோட சூட்டை வெளிய தள்ளுற கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாடிதான் உக்காந்திருக்கு. முன்பக்கம் மொத்தமா அடைச்சா முதல்ல அடி வாங்குறது அதுதான், அதனாலதான் வெறும் காத்து. எஞ்சின் சூடு அதுக்கு அடுத்தது.

அதைவிட அவசரம் ஒண்ணு இருக்கு. அடியில கட்டின ஷீட் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்துல போகுதா? பிளாஸ்டிக் எரியுற வாசனை வருதா? அந்த ஷீட் பாலிபுரொப்பிலீன். 160 டிகிரி வாக்குல உருகிடும். அந்தக் குழாயில புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரிக்குப் போகும். இன்னைக்கே கழட்டிடுங்க, பதில் அப்புறம் போடலாம்.

ஒட்டுவேலை:
கழட்டிட்டேன் அண்ணா. குழாய் ஓரமா ஒரு கை அகலத்துக்கு ஷீட் குழைஞ்சு போயிருக்கு. வாசனை வந்தது, முன்னாடி போன லாரின்னு நெனச்சுட்டேன். ஃபேன் ஓடுது, கூலன்ட் சரியா இருக்கு.

பழைய டீசல்:
தம்பி, ஒரு கேள்வி. 20.5-ஐ எப்படி எடுத்தீங்க? எங்க டேங்க் நிரப்பி எங்க மறுபடி நிரப்பினீங்க?

ஒட்டுவேலை:
கோவையில ஃபுல், கரூர் போனதும் ஃபுல். 6.1 லிட்டர் பிடிச்சது. 125-ஐ 6.1-ஆல வகுத்தேன். மாசியில எடுத்தது மட்டும் போக வர சேர்த்து.

பழைய டீசல்:
அப்ப உங்க ரெண்டு சந்தேகத்துக்கும் ஒரே பதில்தான். பல்லடம் தாண்டினா ரோட்டோரம் காத்தாடியெல்லாம் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு பார்த்தீங்களா? மேற்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து ஆனி ஆடியில நேரா உங்க முதுகுல அடிக்குது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், 800 சிசி வண்டி பறக்காதா?

கணக்குப் போடுங்க. காத்து மணிக்கு 20 கி.மீ-ன்னு வைங்க. நீங்க 80-ல கரூர் போறப்ப வண்டி மூஞ்சியில படுறது 60 வேகக் காத்து. திரும்புறப்ப அதே 80-க்கு 100. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100-ஐ 60-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா ஏறக்குறைய 2.8. ஒரே வண்டி, ஸ்பீடோமீட்டர்ல ஒரே 80, தடை மட்டும் 2.8 மடங்கு வித்தியாசம். சன்பேக் ஷீட்டால இவ்வளவு செய்ய முடியாது.

சூடும் இதே கதைதான். பின்காத்துல ரேடியேட்டருக்கு வர்ற காத்து முன்னமே குறைவு. அதையும் பேனரால அடைச்சாச்சு. மேல மத்தியான வெயில், ஏசி, காங்கேயத்துல டிராஃபிக். திரும்பும்போது ராத்திரி, எதிர்காத்து வேற. இடுக்கு வழியாவே போதுமான அளவு உள்ள போயிடுது.

இன்னொண்ணு. பங்க்ல டேங்க் நிரம்பினதும் நாசில் தானா கட் ஆகுறது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல ஆகாது. உங்க கணக்குல அரை லிட்டர் பிசகினா 20.5 இல்ல, 18.9. ஆறு லிட்டரை வெச்சு மைலேஜ் பேசக் கூடாது. போக வர சேர்த்து, ஒரே பங்க், ஒரே நாசில், குறைஞ்சது நாலு டிரிப்.

ஸ்பேனர் 12:
கீழ் ஓட்டையைத் திறந்து விடுங்க, இந்த வண்டிகள்ல ரேடியேட்டருக்குப் பெரும்பகுதி காத்து அங்கிருந்துதான். மேல் கிரில்ல பாதி மட்டும் மூடி முள்ளையும் ஃபேனையும் கவனிங்க. ஃபேன் முன்னைவிட அடிக்கடி ஓடினா அந்தக் கரண்ட்டும் ஆல்டர்னேட்டர் வழியா உங்க பெட்ரோல்தான். புது வண்டிகள்ல கிரில் ஷட்டர் தானா திறந்து மூடுறது இதுக்குத்தான். சித்திரை வெயில்ல பாதியும் வேண்டாம்.

சுறாத் துடுப்பு: மிட்சுபிஷிக்காரங்க 2004-ல லான்சர் எவல்யூஷன்ல சோதிச்சு வெளியிட்டது, தடைக் குணகம் (வண்டி வடிவத்தோட காத்துத் தடையைச் சொல்ற எண்) 0.006 குறைஞ்சுதுன்னு. அது சரிஞ்ச பின்கண்ணாடி இருக்கிற செடான். உங்களுது கூரையோட வெட்டின மாதிரி முடியுது. காத்து அந்த விளிம்புல எப்படியும் பிரிஞ்சுதான் போகும், துடுப்பு அங்க நின்னு என்ன பண்ணும்? நம்பலைன்னா பின்னாடி கம்பளி நூல் துண்டு துண்டா டேப் போட்டு ஒட்டி, வேற வண்டியில இருந்து வீடியோ எடுங்க. நூல் ஒழுங்கா படுத்திருந்தா காத்து ஒட்டிப் போகுதுன்னு அர்த்தம், கிறுக்குத்தனமா ஆடினா பிரிஞ்சுடுச்சு.

ஒட்டுவேலை:
அப்ப பின்னாடி படகு வால் மாதிரி நீட்டினா?

ஸ்பேனர் 12:
வேலை செய்யும், பெட்டி மாதிரி முடியுற வண்டிக்குத் தடையில பெரும்பங்கு பின்னாடிதான். சரிவு 15 டிகிரியைத் தாண்டினா காத்து ஒட்டாது. நீளமா வால் வெக்க முடியாதுன்னுதான் 1930-கள்லயே ஜெர்மனியில வூனிபால்ட் காம்ங்கிற இன்ஜினியர் பாதி வழியில வெட்டி விடுற வடிவத்தைப் பிடிச்சார். ஆனா நம்ம ஊருல நம்பர் பிளேட், லைட் மறையும், வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் இருக்கு. விடுங்க.

கருப்பு டீ:
சீரியஸா ஒண்ணு கேக்கறேன். வண்டி மேல கேரியர் இருக்கா?

ஒட்டுவேலை:
இருக்குங்க. ஏன்?

கருப்பு டீ:
துடுப்பு ஒட்டுறப்ப அது கைல இடிக்கலையா? காத்தைப் பிடிக்கிறதே அதுதானேங்ணா.

ஒட்டுவேலை (ஆறு வாரம் கழிச்சு):
நாலு டிரிப், போக வர, ஒரே பங்க். கேரியர் இல்லாம, டயர்ல கதவு ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற காத்து, கீழ் ஓட்டை திறந்து, மேல் கிரில் பாதி மூடி: 18.4. இதுல கேரியருக்கு எவ்வளவு, கிரில்லுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியலை, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினது என் தப்பு. முள்ளு பாதிக்கு மேல போகலை, ஏசி நல்லா ஜில்லுன்னு இருக்கு.

இடது பக்கத் தட்டு வெள்ளகோவில் பக்கத்துல ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல கழண்டுடுச்சு. வலது பக்கத்துத் தட்டைக் கழட்டி வீட்டுல குடுத்துட்டேன். ஜோடி எங்கன்னு கேட்டாங்க, இன்னும் சொல்லலை.