கிம்ப் 3.0-க்கு மாறலாமா, 2.10 போதுமா? (சுங்கை சிப்புட், தோட்டக் கோயில் கணினி)

லயத்துத்தம்பி:
எங்கள் தோட்டக் கோயில் இளைஞர் பிரிவுக்கு ஒரே கணினிதான், விண்டோஸ் 10. திருவிழா பேனர், அன்னதான அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே கிம்ப் என்ற பட வேலை மென்பொருளின் 2.10 பதிப்பில் செய்தவை. இப்போது யாரோ 3.0 போட்டுவிட்டார்கள். ரீசிந்தசைசர் காணோம், மற்ற பிளக்-இன்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) காணோம். புதிதாக இறக்கிய தமிழ் ஃபாண்ட்களும் பட்டியலில் வரவில்லை. ஆடித் திருவிழா நெருங்குகிறது. 2.10-க்கே திரும்பிவிடலாமா?

பேனர்கடைக்காரன்:
திரும்பிவிடு தம்பி, யோசிக்காதே. 2.10-க்கு எழுதிய பைத்தான் 2 ஸ்கிரிப்ட் எதுவும் 3.0-ல் ஓடாது. படத்தில் குறுக்கே போகும் மின்கம்பியை அழிக்க ரீசிந்தசைசர், நூறு படத்தை ஒரே மூச்சில் சின்னதாக்க பிம்ப். என் பிழைப்பே இந்த இரண்டில்தான் ஓடுகிறது. வேலை செய்கிற ஒன்றைக் கழற்றிப் பார்ப்பானேன்?

ஈப்போ_அக்கா:
அண்ணே, பைத்தான் 2-க்கான ஆதரவு 2020-லேயே முடிந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை காலம் இருப்பது?

தம்பி, முதலில் ஃபாண்டைப் பார்ப்போம். இறக்கிய ஜிப்பை அப்படியே போட்டால் வராது, பிரித்து டிடிஎஃப் கோப்புகளை எடுக்க வேண்டும். கிம்ப்பின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டிருந்தால் அது 2.10-ன் ஃபோல்டரா என்று பாருங்கள். 3.0-க்குத் தனி ஃபோல்டர். எடிட், பிரிஃபரன்சஸ், ஃபோல்டர்ஸ் என்று போனால் சரியான இடம் தெரியும். போட்ட பிறகு ஃபாண்ட் பட்டியலின் அடியில் இருக்கும் ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரியானவற்றை இறக்கினால் உள்ளே 'ஸ்டேட்டிக்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ளவற்றை நிறுவுங்கள். எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் அடங்கிய வேரியபிள் ஃபாண்ட் கிம்ப்புக்குச் சரிப்படாது.

பிளக்-இன் விஷயத்தில் 3.0 ஒரு விதியை மாற்றியிருக்கிறது. பிளக்-இன்ஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் வேண்டும், அதன் பெயரும் பிளக்-இன் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே தனியாகக் கிடந்தால் 3.0 அதைக் கண்டுகொள்ளாது. அப்புறம், 2.10-ன் கோப்பைத் தூக்கி இங்கே போடாதீர்கள், 3.0-க்கென்று வந்ததை இறக்குங்கள். ஃபில்டர் தொகுப்பான ஜிமிக்குக்கு வந்துவிட்டது, ரீசிந்தசைசரும் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது.

பேனர்கடைக்காரன்:
பிம்ப்?

ஈப்போ_அக்கா:
அது 2.10-க்கு எழுதியது. அதற்காக மட்டும் 2.10-ஐ வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே கணினியில் இருக்கும். அமைப்புக் கோப்புகளும் தனித்தனி.

பேனர்கடைக்காரன்:
படித்தவர்களுக்கு அது சுலபம். கோயில் கணினியில் பத்துக் கை விழும். ஒருவன் 3.0-ல் புதிய ஃபில்டரைப் போட்டுச் சேமிப்பான், அடுத்தவன் 2.10-ல் திறப்பான், திறக்காது. திருவிழாவுக்கு முந்தின ராத்திரி யார் உட்கார்ந்து அழுவது?

அது போகட்டும், ஃபாண்டுக்கு வருகிறேன். யூனிகோடில் பேனருக்கு ஏற்ற தடித்த, அலங்கார எழுத்து எத்தனை இருக்கிறது? யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை ஃபாண்ட்கள் என்னிடம் அள்ள அள்ளக் குறையாமல் இருக்கிறது.

ஈப்போ_அக்கா:
குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பலூ தம்பி, கேட்டமரன், கவிவனார், முக்தா மலர் எல்லாம் இலவசம், திறந்த உரிமம். உங்களிடம் இருப்பவை எங்கிருந்து வந்தன, யாருடையவை என்று சொல்ல முடியுமா?

பாமினியில் அடித்த 'அன்னதானம்' உண்மையில் ஆங்கில எழுத்துக் கோவை. ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல்தான். தேடவும் முடியாது, வாட்ஸப்பில் ஒட்டவும் முடியாது. யூனிகோடு என்றால் புலனக் (வாட்ஸப்) குழுவில் வந்த அறிவிப்பை அப்படியே எடுத்து ஒட்டலாம். கொம்பும் காலும் இடம் மாறாது, அதை கிம்ப்பின் உள்ளே எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும்.

கைப்பேசிப்பயல்:
எதற்கு இவ்வளவு சண்டை? போனில் டெம்ப்ளேட் எடுத்துத் தட்டினால் ஐந்து நிமிடம்.

பேனர்கடைக்காரன்:
அதை எட்டடி நீளத்தில் அச்சடித்துப் பார். அம்மன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். எட்டுக்கு மூன்று அடி, நூறு டிபிஐ (அங்குலத்துக்கு நூறு புள்ளி) என்றாலே 9600-க்கு 3600 பிக்சல்.

ஈப்போ_அக்கா:
இதில் அண்ணன் பக்கம்தான் நான்.

ஆனால் 3.0-க்கு மாற எனக்கு ஒரே ஒரு காரணம் போதும். சிவப்பு எழுத்து, மஞ்சள் விளிம்பு இல்லாமல் நம் ஊரில் பேனர் உண்டா? 2.10-ல் எழுத்தைத் தேர்வாக்கி, விரித்து, கீழே வேறு லேயரில் நிறம் ஊற்ற வேண்டும். கோயில் தலைவர் தேதியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. 3.0-ல் எழுத்துக் கருவியிலேயே விளிம்பு வந்துவிட்டது. தேதியை மாற்றினால் விளிம்பும் கூடவே மாறும்.

பேனர்கடைக்காரன்:
தலைவர் தேதி மாற்றுவார் என்பது மட்டும் உண்மை. விளிம்பு வசதியை நானும் பார்க்கிறேன், ஆனால் என் கடைக் கணினியில் 2.10 தான். தம்பி, எனக்கு 3.0-ன் எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்தக் கோப்பு) அனுப்பாதே, முழு அளவில் டிஃப் படக் கோப்பாக அனுப்பு. ஃபாண்ட் தொல்லையும் இருக்காது.

லயத்துத்தம்பி:
ஸ்டேட்டிக் ஃபோல்டரில் இருந்ததைப் போட்டேன், பலூ தம்பி வந்துவிட்டது. ரீசிந்தசைசருக்கு ஃபோல்டர் பெயரை மாற்றினேன், இன்னும் மெனுவில் இல்லை.

ஈப்போ_அக்கா:
கிம்ப்பை மூடித் திறந்தீர்களா? பிளக்-இன்னுக்கு ரிஃப்ரெஷ் கிடையாது. அப்படியும் வரவில்லையென்றால் இறக்கியது 2.10-க்கானதாக இருக்கும், இறக்கிய பக்கத்தில் பதிப்பைப் பாருங்கள்.