சூழலியல் மேஜர்: ஊருணி, கண்மாய் ப்ராஜெக்ட் செய்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வரத்துக்கால்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ப்ராஜெக்ட் எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் பாட்டிலும் டிடிஎஸ் மீட்டருமாக (கரைந்த உப்பை அளக்கும் கருவி) நேரே ஊருணிக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து வரத்துக்காலில், அதாவது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் ஆரம்பியுங்கள். தண்ணீர் ஏன் வரவில்லை, ஏன் கெட்டது என்பதற்கெல்லாம் விடை அந்தக் காலில்தான் கிடக்கிறது. சட்டம், வேதியியல், வரலாறு, பொருளாதாரம் என்று இந்தப் படிப்பில் தனித்தனித் தாளாக வருவதெல்லாம் ஒன்றாகச் சேரும் இடமும் அதுதான்.

ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்துவிடுங்கள். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கு முன்பு கால் காய்ந்து கிடக்கும், அடிமட்டம் தெரியும். ஜனவரியில் போனால் நிறைந்த ஊருணியைப் பார்க்கலாம், அது நிறைந்த வழியைப் பார்க்க முடியாது.

போகுமுன் அரசின் இணைய சேவையில் அந்தப் புல எண்ணின் அ-பதிவேடும் (நிலத்தின் வகை, பரப்பு சொல்லும் பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துக்கொள்ளுங்கள். ஊருணியிலிருந்து மேல்நோக்கி நடந்து, ஐம்பது அடிக்கு ஓரிடத்தில் அகலமும் ஆழமும் டேப் வைத்து அளக்க வேண்டும். போன் ஜிபிஎஸ்ஸை நம்பி அகலம் போடாதீர்கள். திறந்த வெளியிலேயே அது 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். காலின் அகலமே சில இடங்களில் 2 மீட்டர்தான். பழைய புலப்படமானால் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. படத்தில் 15 என்று இருப்பதை மீட்டர் என்று படித்துவிட்டு, களத்தில் 3 மீட்டர் பார்த்ததும் "12 மீட்டர் ஆக்கிரமிப்பு" என்று எழுதிவிடுவார்கள். 15 லிங்க்ஸ் என்பதே 3 மீட்டர்தான். யார் மேலோ பழி விழும் விஷயம், இரண்டு முறை சரிபாருங்கள்.

ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்களை விடாதீர்கள். ரோட்டை உயர்த்திப் போடும்போது குழாயின் அடி, காலின் அடியைவிட அரை அடி மேலே போய்விடும். மேற்புறம் தண்ணீர் தேங்கிச் சேறு படியும். சிறுமழைக்கு ஊருணிக்கு ஒரு சொட்டும் வராது. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் இருந்தால் இதை நிரூபித்துவிடலாம். இரண்டு பேர் போதும். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தப்பாகக் காட்டும், குமிழி முழுக்க வெளியேறித் தண்ணீர் நிறைந்த பிறகே குறியுங்கள்.

செம்மண்

வரத்துக்கால் அண்ணன் சொன்னதோடு தண்ணீர்ப் பரிசோதனை பற்றிக் கொஞ்சம். டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை மட்டும் காட்டும். நம் ஊருணியில் மழைக்குப் பின் நிற்பது செம்மண் கலங்கல். மீட்டர் 150 காட்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இல் டிடிஎஸ்ஸுக்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். உடனே "குடிக்க உகந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். அதே தரம் கலங்கலுக்கு 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) என்கிறது, வேறு வழி இல்லாத இடத்தில் 5 வரை விடுகிறது. 100 மில்லியில் கோலிஃபார்ம் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்தால் மண் படியும். கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து எழுதுங்கள்.

கரைந்த ஆக்சிஜனை விங்க்லர் முறையில் (ரசாயனம் சேர்த்து டைட்ரேட் செய்து அளப்பது) பார்ப்பவர்கள், ஆக்சிஜன் அளவு மாறாதபடி மாதிரியைக் கரையிலேயே நிலைப்படுத்திவிட வேண்டும். 300 மில்லி பி.ஓ.டி. பாட்டிலை (இந்தச் சோதனைக்கான மூடியுள்ள கண்ணாடி பாட்டில்) குமிழி இல்லாமல் நிரப்புங்கள். மாங்கனஸ் சல்பேட் 2 மில்லி, கார அயோடைடு அசைடு 2 மில்லி, இரண்டையும் பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விடுங்கள். மூடி, பத்துப் பதினைந்து தடவை தலைகீழாகப் புரட்டினால் பழுப்பு வீழ்படிவு வரும். அது வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். வீழ்படிவு படிந்ததும் அடர் கந்தக அமிலம் 2 மில்லி, கையுறை கட்டாயம். லேபில் 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்தால், செலவாகும் ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஸ்டார்ச்சை முதலிலேயே ஊற்றாதீர்கள், வெளிர் மஞ்சள் வந்த பிறகு போடுங்கள்.

நேரமும் முக்கியம். பாசி பிடித்த ஊருணியில் மதியம் இரண்டு மணிக்கு எடுத்தால் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏகத்துக்கு இருக்கும். விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவு, மீன் செத்து மிதப்பதும் அப்போதுதான். இரண்டு வேளையும் எடுங்கள், அல்லது எல்லா ஊருணிக்கும் ஒரே வேளையில் எடுங்கள்.

புறம்போக்கு

சட்டத் தாள் எழுதுவோர் வழக்கமாக 2017 ஈரநில விதிகளை மேற்கோள் காட்டி, "கண்மாய் ஈரநிலம், ஆகவே பாதுகாப்பு உண்டு" என்று எழுதுகிறார்கள். அந்த விதிகளிலேயே பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகள் விலக்கப்பட்டிருக்கின்றன. நம் கண்மாயும் ஊருணியும் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் விழும். இதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளபடி எழுதுங்கள். நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறை) வசமுள்ள கண்மாய்க்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைப் பாருங்கள்.

எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதற்கு ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் வயலின் பரப்பு தெரிய வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மேல்முறையீடு வந்தால் இன்னும் நீளும், ஆகவே செமஸ்டர் தொடங்கிய வாரமே போட்டுவிடுங்கள். "ஆக்கிரமிப்பு உள்ளதா?" என்று கேட்காமல், "இந்தப் புல எண்ணின் அளவுப் பதிவேட்டு நகல், கடந்த 10 ஆண்டு மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏல விவரம்" என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் வகைக்குப் பெரும்பாலும் பதில் வராது.

கொள்ளுகுடி நாரை

மக்களிடம் கேட்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. "தண்ணீர் நல்லா இருக்கா?" என்றால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். "சோறு வடிக்க எந்தத் தண்ணி, குடிக்க எந்தத் தண்ணி, துணிக்கு எது?" என்று ஆச்சிமாரிடம் பிரித்துக் கேளுங்கள், பருப்பு எதில் வேகும் என்பது வரை சொல்வார்கள். கண்மாய் என்றால் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியைப் பாருங்கள். எந்த மடை எந்த வயலுக்கு, கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே கடைசியாக எப்போது மறுகால் போனது என்பதெல்லாம் அவரிடம் கேட்டால் தெரியும்.

உயிரியலும் சமூகமும் சேர்ந்த தலைப்பு வேண்டுவோருக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-இல் சரணாலயமானது. பறவைகளுக்காக அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிகள் சொல்வதை, கண்மாய்க்குள்ளும் மடை வாயிலும் நைட்ரேட் எடுத்துப் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டியிருக்கும் மரங்களுக்கு அடியில் மட்டும் மாதிரி எடுத்தால் கணக்கு ஏறிப்போகும். பறவை இல்லாத பக்கத்துக் கண்மாய் ஒன்றும் ஒப்பிடக் கட்டாயம் வேண்டும்.

வரத்துக்கால்

நன்றி, கொள்ளுகுடி நாரை தங்கச்சி. இதை எல்லாம் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். ஐந்து தாளுக்கு ஐந்து அத்தியாயம் போட்டு ஒட்டினால், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இதில் எது எதைப் பாதித்தது?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நடந்த அன்றே காலில் அளந்த இடங்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். தண்ணீர் மாதிரி, புல எண், பேட்டி கொடுத்த வீடு, போட்டோ எல்லாமே அந்த எண்ணில் போகட்டும். கடைசியில் ஒரே அட்டவணை: வரிசைக்கு ஓர் இடம், நிரலுக்கு ஒரு துறை. ஏழாம் எண்ணில் குழாய் அரை அடி மேலே, அதற்கு மேற்புறம் வீட்டுச் சாக்கடை சேர்கிறது, ஆக்சிஜன் 2, பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரே வரியில் வந்தால் காரணம் தானாகத் தெரியும். அட்டவணையை ஏ3 தாளில் படுக்கவாக்கில் பிரிண்ட் எடுங்கள், ஏ4-இல் எழுத்து படிக்க முடியாது.