ஆறாவது வட்டு எந்தக் கிட்டிலிருந்து? பேந்தரா, டி-34-ஆ?

செக்காலை ரோடு:
முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையிலிருந்து நம் காரைக்குடி மாடல் குழுவுக்கு வந்திருக்கும் விண்கப்பல் மாடல் பற்றி. நீளம் 62 செ.மீ. உள்ளே ப்ளைவுட், அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் மேலே இண்டு இடுக்கு விடாமல் கிட் (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் பெட்டி) பாகங்கள். யார் கட்டியது, எந்த வருஷம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பின்பக்க எஞ்சின் தட்டில் ஆறு குட்டைக் குழாய். ஐந்தின் மேல் வட்டு இருக்கிறது, ஆறாவதில் பசை வளையம் மட்டும்தான் மிச்சம்.

என் முடிவு: 1/35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) பேந்தர் என்ற ஜெர்மன் டாங்கி கிட்டின் ரோடு சக்கரம், அதாவது செயின் மேல் உருளும் சக்கரம். தட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, 20 செ.மீ. தூரத்தில் மொபைலில் எடுத்த படத்தில் விட்டம் 24.6 மி.மீ. நிஜ பேந்தர் சக்கரம் 860 மி.மீ. 35-ஆல் வகுத்தால் 24.57. விளிம்பைச் சுற்றி போல்ட் தலை வேறு. புது பேந்தர் கிட் ஒன்று ஆர்டர் போட்டு, சக்கரத்தை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிஞ்சது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

முற்றத்துத் தூண்:
உண்டு தம்பி. ஆர்டரை நிறுத்துங்க.

ஸ்கேல் தட்டின் மேல் கிடக்கு. வட்டின் முகம் தட்டிலிருந்து 8 மி.மீ. மேலே நிக்குது. கேமராவுக்கு ஸ்கேல் 200 மி.மீ. தூரம், வட்டு 192 மி.மீ. கிட்டே இருக்கிற பொருள் பெரிசாத் தெரியும். 200/192 = 1.042, அதாவது நாலு சதவீதத்துக்கு மேல். காலிப்பர் வைத்துப் பார்த்தால் வட்டு 23.6. அதை 1.042-ஆல் பெருக்குங்க, 24.6 வரும். உங்க எண் பேந்தரோடு பொருந்தினது கேமரா பண்ணின வேலை.

ஃபோட்டோவில் அளந்தே ஆகணும்னா ஸ்கேலை வட்டின் முக உயரத்துக்குத் தூக்கி வைக்கணும், கேமராவை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து ஜூம் போடணும். அந்தத் தூரத்தில் 8 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் அடங்கிடும்.

டி-34 என்கிற சோவியத் டாங்கியின் சக்கரம் 830 மி.மீ. 35-ஆல் வகுத்தால் 23.7. இது டி-34.

செக்காலை ரோடு:
அளவில் தப்பு என்னுதுதான் அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா டி-34-ஐ ஒத்துக்க முடியாது. டி-34 சக்கரம்னா ரப்பர் விளிம்பில் வரிசையாத் துளை இருக்கும், இல்லேன்னா ஆரக்கால் மாதிரி விலா தெரியும். இதில் ரெண்டும் இல்லை. தட்டு மாதிரி வளைஞ்ச முகம், ரப்பருக்கு உள்பக்கமா வட்டமாப் போல்ட். கண்ணால் பார்க்கிறதை விட்டுட்டு எண்ணை மட்டும் நம்பினா எப்படி?

அதோட, 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் கப்பல்களுக்கே டாங்கி கிட், ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/24 ஹாரியர் விமானக் கிட் எல்லாம் உடைச்சுத்தான் ஒட்டினாங்க. அதைப் பார்த்துக் கட்டினவர் ஜெர்மன் டாங்கியைத்தான் எடுத்திருப்பார்.

முற்றத்துத் தூண்:
ஹாலிவுட்டில் எதை ஒட்டினாங்க என்பது காரைக்குடியில் கிடக்கிற வட்டுக்குச் சாட்சி ஆகாது. கப்பலில் இருக்கிறதை மட்டும் பேசுவோம்.

கண்டனூர்க்காரி:
ரெண்டு பேரும் நிஜ டாங்கியின் அளவை 35-ஆல் வகுத்து வர்ற எண்ணைச் சட்டமா எடுத்துக்கிறீங்க. அது இந்தக் காலத்துக் கிட்டுக்குத்தான் ஓரளவு சரி. ஜப்பானின் டாமியா கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் போட்ட முதல் பேந்தர், உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கணும்னு அளவு வைத்து வந்தது. 1/35 என்கிற கணக்கே அப்படிப் பிறந்ததுதான். அந்தக் காலத்து மோட்டார் கிட்களில் அகலமும் சக்கரமும் முன்னே பின்னே இருக்கும். அதனால் 23.6 பேந்தரைத் தள்ளவும் தள்ளாது, டி-34-ஐச் சேர்க்கவும் சேர்க்காது.

போல்ட்டை நேர் வெளிச்சத்தில் எண்ணாதீங்க, பெயின்ட் மூடியிருக்கு. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டோடு தட்டாப் படுக்கப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தலைக்கும் ஒரு நிழல் விழும். இரண்டாம் வட்டில் கால் பங்குக்கு நாலு, ஆக 16. முதலில் வந்த பேந்தர்களின் சக்கரத்தில் விளிம்பில் 16 போல்ட்தான், பின்னால் 24 ஆச்சு. வகை பேந்தர், சந்தேகமில்லை. எந்தக் கம்பெனி, எந்தப் பெட்டி என்பதை 16 சொல்லாது.

அந்தத் தெருவில் தூண் விற்கிறவங்க பூ வேலையைப் பார்த்து ஊர் சொல்றதில்லை. உத்திரம் உட்கார்ந்த குடைவைத் தடவிப் பார்த்துத்தான் சொல்வாங்க. இங்கேயும் முகத்தை விட்டுட்டு விளிம்பையும் முதுகையும் பாருங்க.

முற்றத்துத் தூண்:
சரி, போல்ட் விஷயத்தில் டி-34 அடிபட்டுப் போச்சு. ஆனா இன்னொரு சங்கதி இருக்கு. இது கிட் பாகமே இல்லாம, யாரோ ஒரு சக்கரத்திலிருந்து அச்சு எடுத்து ரெசினில் (ஊற்றி இறுக வைக்கிற பிசின்) வார்த்ததா இருந்தா? வார்ப்பு சுருங்கும். அதனாலேயே அளவு குறைஞ்சிருக்கலாம் இல்லையா?

செக்காலை ரோடு:
24.6 சுருங்கி 23.6 ஆகணும்னா நாலு சதவீதம் அண்ணே. சிலிகான் அச்சும் ரெசினும் சேர்ந்தாலும் ஒரு தடவைக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டுறது அபூர்வம். அதுவும் போக, பேந்தருக்குப் பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு ரெண்டு சக்கரம். ஒரு கிட்டில் 32 வட்டு. கையில் 32 இருக்கிறவர் ஆறுக்காக ஏன் வார்க்கணும்?

முற்றத்துத் தூண்:
கையில் முழுக் கிட் இருந்ததுன்னு யார் சொன்னது? உதிரிப் பெட்டியில் ஒரே ஒரு சக்கரம் கிடந்திருந்தா?

வயிரவன்பட்டி:
ஒரு வட்டைக் கழற்றி உப்புத் தண்ணியில் போட்டுப் பாருங்களேன். பிளாஸ்டிக் மிதக்கும், ரெசின் முழுகும். அப்படியே பெயின்ட்டையும் ஹார்ட்வேர் கடை தின்னரில் துடைச்சிடலாம்.

கண்டனூர்க்காரி:
தம்பி, ரெண்டுமே வேண்டாம். கிட் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் (சுருக்கமா ஸ்டைரீன்) அடர்த்தி 1.05. கலப்படமில்லாத பாலியூரித்தேன் ரெசினும் ஏறக்குறைய அதேதான். கெட்டி உப்புத் தண்ணி 1.2. ரெண்டும் மிதக்கும், ஒண்ணும் தெரியாது. தின்னரைத் தொட்டால் வட்டு கூழாயிடும், அசிட்டோனும் அப்படியே. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு முனையில் நனைச்சு, முதுகில் ஒரு பயறு அளவு இடத்தை மட்டும் துடைங்க. ஊறப் போடாதீங்க, கீழே ப்ளைவுட் இருக்கு.

துடைச்ச இடத்தில் பிளேடு நுனியால் ஒரு சுரண்டு. ஸ்டைரீன்னா சுருள் சுருளா வரும், ரெசின்னா மாவா உதிரும். அப்புறம் ஊசி முனையில் பிளாஸ்டிக் மாடல் ஒட்டுற திரவ சிமென்ட் ஒரு துளி. ஸ்டைரீன் இளகி மினுங்கும், ரெசின் அசையாது.

செக்காலை ரோடு:
பண்ணியாச்சு ஆச்சி. ஐந்திலும் சுருள் வந்தது, ஐந்திலும் மினுங்குது. இன்னொன்று: இரண்டாம் வட்டின் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி ஆறு பள்ளம், சீரான இடைவெளி. பள்ளத்தின் அடி வழவழன்னு, மெழுகு உருகி உறைஞ்ச மாதிரி. பெயின்ட் அந்தப் பள்ளத்துக்குள்ளேயும் இறங்கியிருக்கு. அப்போ பெயின்ட்டுக்கு முன்னாடியே வந்தது. கட்டினவர் அரம் போட்டாரா?

கண்டனூர்க்காரி:
அரம் போட்டால் கீறல் தெரியும், வழவழப்பு வராது. அது செயின் தின்ன தழும்பு. பழைய டாங்கி கிட்களில் செயின் மெத்தென்ற வினைலில் வரும். அதில் கலந்திருக்கிற எண்ணெய்ப் பசை மெல்லக் கசிஞ்சு, ஒட்டிக் கிடக்கிற ஸ்டைரீனை இளக்கிடும். ஒரே பெட்டியில் சக்கரமும் செயினும் சில கோடைகாலம் கிடந்தால் போதும், செயினின் பல் அப்படியே பதிஞ்சிடும். ஊதற்காற்று கூட நுழையாத நம்ம வீட்டுப் பரண் சூட்டில் இன்னும் சீக்கிரம்.

இந்தத் தழும்பு மற்ற நாலிலும் இருக்கான்னு பாருங்க. வட்டைச் சுழற்றி ஒட்டியிருப்பார், அதனால் கடிகார முள் கணக்கில் தேடாதீங்க. ஸ்ப்ரூவிலிருந்து (கிட் பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டம்) வெட்டின தழும்பு விளிம்பில் ஒரு தட்டையான புள்ளியாத் தெரியும். அங்கிருந்து எத்தனையாவது போல்ட்னு எண்ணுங்க.

செக்காலை ரோடு:
இரண்டில்: வெட்டுத் தழும்பிலிருந்து 5-ஆம் போல்ட் முதல் 8 வரை. ஐந்தாம் வட்டில்: 11-ஆம் போல்ட் அருகே ரெண்டே பள்ளம். மற்ற மூணிலும் ஒண்ணுமில்லை.

முற்றத்துத் தூண்:
அப்போ வார்ப்பு வாதத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரே சக்கரத்திலிருந்து அச்சு எடுத்திருந்தால் எல்லாத்திலும் அதே போல்ட்டுக்குப் பக்கத்தில் அதே தழும்பு வந்திருக்கும். சிலிகான் ரேகையையே பிடிக்கும், தழும்பை விடாது. ஐந்தும் தனித்தனி கிட் பாகம். வினைல் செயின் வந்த, சக்கரம் சின்னதாப் போன, ஏதோ பழைய பேந்தர்.

ஆனா தம்பி, உங்க ஆர்டர் இப்பவும் தப்புதான். புது கிட் சக்கரம் 24.6 வந்தால், பெயின்ட் அடிச்ச பிறகு 24.8. பக்கத்தில் 23.6. ஒரு வரிசையில் ஆறு வட்டு நிக்கும்போது ஒரு மில்லி வித்தியாசம் கண்ணைக் குத்தும்.

செக்காலை ரோடு:
அப்போ பழைய பெட்டியைத் தேடணும்.

முற்றத்துத் தூண்:
எந்தப் பெட்டின்னு தெரியாம ஒவ்வொண்ணா வாங்கி அளந்து பார்ப்பீங்களா? தழும்பில்லாத மூணில் ஒன்றிலிருந்து அச்சு எடுங்க. சுருக்கம் அரை சதவீதம்னா 0.12 மி.மீ.; பெயின்ட் ஒரு கோட் கூடப் போட்டால் சரியாயிடும்.

வட்டைக் கழற்ற வேண்டாம். ட்யூப் சிமென்ட் போட்டு ஒட்டினது உருகி ஒன்றாயிருக்கும், நெம்பினால் குழாயோடு வரும். வட்டுக்குக் கீழே குழாயைச் சுற்றிக் களிமண்ணை விளிம்பு வரைக்கும் அடைச்சு, 44 மி.மீ. விட்டத்தில் ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வளையமா நிறுத்துங்க. பெயின்ட் மேல் மெல்லிசா வேசலின், இல்லேன்னா பொருக்கு பொருக்கா உரிஞ்சு வரும். 15 மி.மீ. உயரத்துக்கு 23 மில்லி சிலிகான் பிடிக்கும், 30 கிராம் கலங்க. டின் (வெள்ளீயம்) வகை சிலிகான்தான். பிளாட்டினம் வகையைக் கந்தகம் கலந்த களிமண்ணோடு சேர்த்தால் தொடுற இடமெல்லாம் பிசுபிசுன்னு இறுகாமலே நிக்கும். சிலிகானை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட், டப்பாவில் 3 சதவீதம்னு போட்டிருந்தா 0.9 கிராம், சொட்டு எண்ணாம நகைத் தராசில் நிறுங்க.

கண்டனூர்க்காரி:
வார்க்கிறதுக்கு பாலியூரித்தேன் எடுக்காதீங்க, ஐப்பசி மழைக் காற்றில் ஈரம் குடிச்சு ஆப்பம் மாதிரி பொங்கும். எப்பாக்ஸி ரெண்டு கிராம் போதும், இறுக ஒரு நாள் முழுக்க விடுங்க. குறிப்பில் "பேந்தர் வகை, 16 போல்ட், கிட் தெரியவில்லை, ஆறாவது வார்ப்பு" என்று எழுதி தட்டின் அடியில் ஒட்டிடுங்க.

செக்காலை ரோடு:
எழுதிடறேன் ஆச்சி. பெட்டியைத் தேடுறதை மட்டும் நிறுத்த மாட்டேன்.

வயிரவன்பட்டி:
ஆறாவதை ஒட்டும்போது வெட்டுத் தழும்பு எந்தப் பக்கம் பார்க்கணும்?

முற்றத்துத் தூண்:
ஐந்தும் அஞ்சு திசையில் இருக்கு தம்பி. எப்படி வேணும்னாலும் ஒட்டுங்க.