கருப்பு வெள்ளை பிலிமை வீட்டில் புஷ் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பென்னாகரத்திலிருந்து:
நான் புஷ் செய்வதெல்லாம், அதாவது பிலிமின் வேகத்தைக் கூட்டி வைத்து எடுத்து அதற்கேற்ப அதிக நேரம் டெவலப் செய்வதெல்லாம், கூத்துக்காகத்தான். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது ஷட்டரை 1/60 நொடியைவிட மெதுவாக வைக்க முடியாது. பிளாஷ் அடித்தால் முன்வரிசையில் பாய் விரித்திருக்கும் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? அதனால் எச்பி5 என்ற கருப்பு வெள்ளை பிலிமை ஐஎஸ்ஓ 400க்குப் பதில் 1600 என்று வைத்து எடுக்கிறேன்.

பிலிமில் படத்தை வரவைக்கும் ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால், 20 டிகிரியில் 400க்கு ஏழரை நிமிடம், 1600க்கு 14 நிமிடம். அந்த 20 டிகிரிக்குத்தான் தர்மபுரியில் பஞ்சம். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்தாலே சுடும். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போட்டால் நீர்த்துவிடும். டெவலப்பர், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே அன்னக்கூடையில் நிறுத்திச் சுற்றிலும் ஐஸ் தண்ணீர் விடுகிறேன். 24க்கு இறங்கினால் போதும், 14 நிமிடம் சுமார் 10 ஆகிவிடும். டெவலப்பர் குளிர்ந்து, கழுவும் தண்ணீர் மட்டும் சூடாக இருந்தால் பிலிமின் பூச்சு சுருங்கி வரிவரியாக வெடிக்கலாம்.

ஒன்று, வெளிச்சம் படாத இடத்தில் எவ்வளவு புஷ் செய்தாலும் எதுவும் வராது. துரியோதனன் முகத்து அரிதாரமும் கிரீடக் கண்ணாடியும் பளிச்சென்று ஏறும். பின்னால் மத்தளம் வாசிப்பவர் கரிதான். எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

ஓசூரிலிருந்து:
எனக்கு அந்தக் கரி பிடிக்காது அண்ணா. மைக்ரோஃபென் என்ற டெவலப்பருக்கு மாறிவிட்டேன். 1600க்கு 20 டிகிரியில் 11 நிமிடம்தான், இருட்டிலும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. டெவலப் செய்யும் டாங்கை ஓயாமல் குலுக்காதீர்கள், அரிதாரம் வெறும் வெள்ளையாகிவிடும். நிமிடத்துக்கு நாலு தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். அப்புறம், மார்கழியில் எங்களுக்கு ஐஸே வேண்டாம். வெந்நீர்தான் கலக்க வேண்டியிருக்கிறது!

கிருஷ்ணகிரியிலிருந்து:
தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் போர் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாகப் படியும், பிலிமை விடுமா? காய்ந்ததும் ஒவ்வொரு பிரேமிலும் வட்டம் வட்டமாக உப்புக்கறை. கழுவுவதற்கு அந்தப் போர் தண்ணீரே போதும். டெவலப்பர் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டும் கேன் தண்ணீர், அதில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோட வைக்கும் வெட்டிங் ஏஜென்ட் ஒரு சொட்டு. விரலால் வழிக்காதீர்கள், கீறல் விழும். குளியலறையில் ஃபேன் போடாமல் தொங்கவிடுங்கள். வெளியே கொடியில் போட்டால் புழுதி மொத்தமும் அதில்தான் ஒட்டும்.